பனை இல்லை என்றேன்

என் அண்ணன் மலாயாவிலிருந்து கப்பலில் வந்தபோது, ஒரு கன்றைத் தகர டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தான். அங்கே மழைக்காட்டில் பெரிய மரங்களுக்கு அடியில், வெயிலே படாமல் வளர்கிற விசிறி மட்டை மரமாம். நாமகிரிப்பேட்டைப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்ட தோட்டத்தில், கிணற்றடி மாமரத்து நிழலில், வாய்க்கால் ஓரமாக நட்டேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

பார்த்தவர்களெல்லாம் பனை என்றார்கள். எனக்கு எரிச்சலாக வரும். பனையோலையின் விரல்கள் நுனியில் கூர்மையாக இருக்கும். இதன் விரல்களோ அடிவரைக்கும் பிரிந்து, நுனியைக் கத்தரியால் வெட்டிவிட்டதுபோல் மொட்டையாக நிற்கும். பனங்காட்டுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதுகூடவா தெரியாது?

வீட்டில் என் கணவரின் அண்ணன் வைத்ததுதான் சட்டம். மூத்தார் எதிரில் தம்பி மனைவி நிற்கக்கூடாது, பேசவும் கூடாது. நான் சொல்வதைக் கணவர்தான் கொண்டுபோய்ச் சொல்லவேண்டும்.

“ஏனுங்க, அது பனையில்லீங்க. வெயிலு ஆகாதுன்னு உங்கண்ணங்கிட்டச் சொல்லுங்க” என்பேன்.

“அதெல்லாஞ் சொல்லியாச்சு” என்பார்.

ஒரு சித்திரையில் தாய்வீடு போய்த் திரும்பினேன். ஆட்டுத் தழைக்கென்று மாமரக் கிளைகளை மொட்டையடித்திருந்தார்கள். வாய்க்காலைச் சோளத்துக்குத் திருப்பியிருந்தார்கள். “பனைக்கு எவனாச்சும் தண்ணி உடுவானாடா?” என்று மூத்தார் சிரித்தாராம். மட்டைகள் வெந்துபோய், தொட்டாலே நொறுங்கின. குருத்தைப் பிடித்தேன், கையோடு வந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. சோளம் நாசமாய்ப் போகட்டும் என்று வாய்விட்டே திட்டினேன்.

மறுநாள் காலையில் அண்ணனும் தம்பியும் கிணற்றடிக்கு வந்தார்கள். வழக்கப்படி நான் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். மூத்தார் கன்றைக் காலால் நெம்பிப் பார்த்தார்.

“ஏண்டா, இது பனையே இல்லடா. பனையா இருந்தா இந்த வெயிலுக்கெல்லாம் சாவுமா?”

“ஆமாங்கண்ணா” என்றார் என் கணவர். “நீங்க சொன்னப்பறந்தான் எனக்கே தெரியுதுங்க.”

நான் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, மூத்தாரின் முகத்துக்கு நேராக நின்றேன்.