பாலைப் பார்த்துக்கொண்ட பேய்

சினிமாவைப் பற்றி எனக்கு அபிப்பிராயங்கள் அதிகம். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் வேலை. பகலெல்லாம் பேரிங்கும் காப்பர் கம்பியுமாகப் பேசிவிட்டு, சாயங்காலமானால் போனை முகத்துக்கு நேரே நிறுத்தி வைத்து என் சினிமாச் சேனலுக்குப் பேசுகிறேன். ஓடாத படங்களுக்காக வாதாடுவதுதான் அந்தச் சேனல். அழ வைத்தவனுக்கு விருது கொடுப்பார்கள், சிரிக்க வைத்தவனை 'டைம் பாஸ்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இதில் எனக்குத் தீராத கோபம். ஒரு டவுன் பஸ்ஸுக்குள்ளேயே தொடங்கி முடிகிற திருட்டுக் கதையும், கோழிப்பண்ணையில் வேற்றுக்கிரகவாசி இறங்குகிற படமும் இரண்டாம் நாளே தியேட்டரை விட்டுப் போனபோது, ஒரு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தேன்.

என்னை நாலு பேருக்குத் தெரிய வைத்தது ஒரு பேய்ப் படம். கூட்டுக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குள் பேய் வருகிறது. பயமுறுத்தத்தான் வருகிறது. ஆனால் பயப்பட அங்கே யாருக்கும் நேரமில்லை. ஒருவர் மோட்டாரைப் போடச் சொல்கிறார், ஒருத்தி பிள்ளையைப் பிடிக்கச் சொல்கிறாள். கடைசியில் அடுப்பில் பாலை வைத்து, "பொங்காமப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போகிறார்கள். பேய் அடுப்படியில் நின்று பாலையே பார்த்துக்கொண்டிருக்கும். நெடுநேரம் வசனமே கிடையாது. வந்த புதிதில் படம் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இன்று 'பொங்காமப் பாத்துக்க' என்று சொல்லாத காலேஜ் பிள்ளைகள் இல்லை.

அந்தப் பேயைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்துதான் என் சேனலைத் தூக்கி நிறுத்தியது. 'அது பேயில்லை. புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண். ஆளாளுக்கு அவளிடம் வேலை சொல்கிறார்கள், அவள் முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை.' எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் இதைப் பகிர்ந்தார்கள். படம் வந்த அன்றே இதைச் சொன்னதாக நானும் பெருமையடித்துக்கொண்டேன்.

அன்று நடந்தது வேறு. அதைச் சொல்ல இத்தனை வருடம் எனக்கு வாய் வரவில்லை.

எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வாரம். காங்கேயத்தில் மாமா வீட்டில் விருந்து. எங்கள் பக்கம் புதுமணத் தம்பதி என்றால் சொந்தக்காரர்கள் முறை வைத்துக் கூப்பிடுவார்கள். கறிச்சோறு போட்டு, துணி எடுத்துக் கொடுத்து, மதியத்துக்கு மேல் படத்துக்கும் கூட்டிப் போவார்கள். மாமாவுக்கு எண்ணெய் மில் இருந்தது, சொந்தத்தில் அவர் வார்த்தைக்கு மதிப்பும் இருந்தது. பாதிக்கு மேல் காலியாகக் கிடந்த தியேட்டரில் ஒரு வரிசை முழுக்க நாங்கள்தான்.

பால் காட்சியில் என் மனைவி சிரித்தாள். சிரித்தாள் என்றால், முன் நாற்காலியைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். அவளுக்குள் அவ்வளவு பெரிய சிரிப்பு இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அத்தை திரும்பிப் பார்த்தார். மாமா திரும்பவில்லை, தொண்டையைச் செருமினார். நான் அவள் கையை அழுத்திப் பிடித்து, "மெதுவாச் சிரி. நம்மாளுக எல்லாம் பாக்கறாங்க" என்றேன். சட்டென்று நிறுத்திவிட்டாள். எனக்கும் அந்தக் காட்சியில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது மாமா என்னிடம் கேட்டார். "ஏனுங் மாப்ள, உங்களுக்குத்தான் சினிமா அத்துபடியாச்சே. படம் எப்புடி?"

"குப்பைங்க மாமா. பேய்ப் படமுன்னா பயமாச்சும் இருக்கோணும்."

மாமா திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு மரியாதைக்காக என் மனைவியையும் கேட்டார். "அம்மணிக்கு எப்புடி?"

"எனக்கு ரொம்பப் புடிச்சுதுங்க" என்றாள் அவள். "அந்தப் பேயி புதுசா வாக்கப்பட்டு வந்த புள்ளையாட்டம் இருக்குதுங்க. ஆளாளுக்கு வேல சொல்றாங்க. மூஞ்சிய ஒருத்தரும் பாக்க மாட்டீங்கறாங்க."

அத்தை தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அவளுக்கு சினிமாவெல்லாம் தெரியாதுங்க மாமா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

சில வருடங்கள் கழித்துப் படம் போனில் வந்து, பிள்ளைகள் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடத் தொடங்கியபோது, நானும் கதவைச் சாத்திக்கொண்டு சேனலில் அதைப் பற்றிப் பேசினேன். அவள் சொன்னதுதான் என் வாயில் வந்தது. மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன் என்றால் அது இன்னொரு பொய். தெரிந்துதான் சொன்னேன். கதவைத் திறந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். "நல்லாப் பேசுனீங்க" என்றாள். குத்திக்காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை.

போன மாதம் ஒரு காலேஜ் சினிமாக் குழு அந்தப் படத்தை ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு தியேட்டரில் மறுபடி திரையிட்டது. தொடங்கும் முன் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். அவளையும் அழைத்துப் போனேன். மைக்கைப் பிடித்தபோது மூன்றாவது வரிசையில் அவள் தெரிந்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்க்காது. கைதட்டல் ஓய்வதற்குள், "மொத நாளே நான் சொன்னேனுங்க" என்று ஆரம்பித்துவிட்டேன்.

பால் காட்சி வந்ததும் தியேட்டர் அதிர்ந்தது. பக்கத்தில் அவள் புடவைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது, சத்தமே இல்லை. சுற்றிலும் அத்தனை பேர் கத்திச் சிரித்தார்கள். அங்கே ஒரு சொந்தக்காரர்கூடக் கிடையாது.

"சத்தமாச் சிரி" என்றேன் காதருகில்.

தலைப்பை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பழகிப்போச்சுங்க" என்றாள்.

படம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு மாணவி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்தப் பேயப் பத்தி சார் சொன்னதக் கேட்டு அழுதுட்டனுங்க்கா. உங்களுக்குப் படம் எப்புடிங்க்கா இருந்துச்சு?"

என் மனைவி சிரித்த முகத்தோடு என்னைக் கைகாட்டினாள்.

"எனக்கு சினிமாவெல்லாம் தெரியாது கண்ணு. அவருக்குத்தான் தெரியும்."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.