மிதித்துக் கேட்ட குரல்

எல்லாம் தெரிந்தவர்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. தெரியாதவன் வந்தால், "தம்பி, இது பாடுதில்லை, ஒருக்காப் பாரும்" என்று பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவான். தெரிந்தவன் போகமாட்டான். கதிரையை இழுத்துப் போட்டு, என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி, அந்த வயரைத் தொடு, இந்த ஆணியைக் கழற்று என்று தொடங்கிவிடுவான். சிலர் வீட்டிலேயே கழற்றிப் பூட்டிவிட்டு, மிஞ்சின ஆணிகளைக் கடதாசியில் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார்கள். "இதுகள் தேவையில்லைத் தம்பி, இல்லாமலே பூட்டுப்படுது" என்பார்கள். என்னத்தைச் சொல்ல!

சண்டைக்குப் பயந்து கிளிநொச்சி நகரை விட்டு எல்லோரும் எழும்பி வந்த பிறகு, நான் தர்மபுரத்தில் றோட்டோரமாக ஒரு கொட்டில் போட்டு றேடியோவும் ரேப் ரெக்கோடரும் திருத்திக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லை. பற்றரி வன்னிக்குள் வர அரசாங்கத் தடை. ஆகவே ஒரு பழைய சைக்கிளைப் பின்சில்லு தரையில் படாதபடி ஸ்டாண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வைத்திருந்தேன். யாராவது ஏறி மிதித்தால்தான் திருத்திய பெட்டி பாடுகிறதா என்று பார்க்கலாம். கன காலம் நானே மிதித்து, இறங்கி ஓடி வந்து திருகி, திரும்ப ஏறி மிதித்து நாய்ப்பாடு பட்டேன். பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. தெரிந்தவர்களைப் பிடித்து ஏற்றிவிடத் தொடங்கினேன். "அண்ணை, உங்களைப்போல விளக்கமான ஆள் மிதிச்சால்தான் கரண்ட் சீரா வரும்" என்றால் போதும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறுவார்கள். மிதிக்கிறவனுக்கு மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் வாய் ஓய்ந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குச் சொர்க்கம்.

ஒருநாள் காலை ஒரு புருசனும் பெண்சாதியும் வந்தார்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த கடற்தொழில்காரர்கள். அவர் தன் வள்ளத்து எஞ்சினைத் தானே கழற்றிப் பூட்டிப் பழகியவர் என்பதை உட்கார முன்னமே சொல்லிவிட்டார். அந்த அக்கா கழுத்தில் செபமாலையோடு, துவாயில் சுற்றிய ரேப் ரெக்கோடரைக் குழந்தையைத் தூக்குவதுபோலப் பிடித்துக்கொண்டு நின்றா.

"தம்பி, இதிலை பெரிய பிழை ஒண்டும் இல்லை" என்றார் அவர். "ரேப் கொஞ்சம் சுத்துப்பட்டுப் போச்சு. மேல்மூடியைக் கழட்டி ஒரு இழுவை இழுத்தால் வந்திடும். நான் இழுத்தனான், அரைவாசி வந்திட்டுது. உம்மட்டைச் சின்னக் குறடு இருக்குமெண்டுதான் வந்தனாங்கள்."

மூடியைக் கழற்றினேன். அட கடவுளே! உள்ளே எங்கும் எண்ணெய். ரேப்பை இழுத்துக் கொடுக்கும் ரப்பர் உருளை தேங்காயெண்ணெயில் குளித்துக் கிடந்தது. கசெற்றின் நாடா அதைச் சுற்றி முடிச்சு முடிச்சாய் இறுகியிருந்தது.

"ஆர் இதுக்கு எண்ணெய் விட்டது?"

"நான்தான். எண்ணெய் விடாமல் ஓடுற எஞ்சின் எங்கையடாப்பா இருக்கு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அண்ணை, இது வள்ளம் இல்லை. எண்ணெய் பட்டால் ரப்பர் வழுக்கும். வழுக்கினால் ரேப்பைத் தின்னும்."

"உமக்குச் சொல்லித் தந்தவன் பிழையாச் சொல்லித் தந்திருக்கிறான்" என்றார், துளியும் அசையாமல்.

நான் குறட்டை மேசையில் போட்டேன். கொண்டுபோங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அந்த அக்கா முதல்முறையாகக் கதைத்தா.

"தம்பி, கோவிக்காதையும். அது என்ரை பிள்ளையின்ரை குரல்."

ஒரே மகன். பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தவன். இவர்கள் ஊர் மாறி ஊர் மாறி ஓடியதில் கடிதங்கள் ஒன்றும் கைக்கு வரவில்லை. கடைசியில் அவன் தன் குரலைக் கசெற்றில் பதிந்து அனுப்ப, அது வவுனியாவில் யாரிடமோ காத்துக் கிடந்து, ஆமியிடம் பாஸ் எடுத்து வந்த ஒரு பெண்ணின் பையில் வந்து சேர்ந்திருக்கிறது. எங்கேயோ தேடி இரண்டு பற்றரியும் பிடித்துவிட்டார்கள். ஆனால் அண்ணை நேரே போட்டுக் கேட்க விடவில்லை. எஞ்சினை முதலில் சும்மா ஓடவிட்டுச் சூடாக்க வேண்டுமாம். எண்ணெய் விட்டு, கசெற்றை உள்ளே போட்டு, வேகமாக நடுவரைக்கும் ஓடவிட்டு, அங்கே வைத்துப் பாடவிட்டிருக்கிறார். ஒரு முனகல் கேட்டது, அவ்வளவுதான். பற்றரியும் செத்தது.

"ஒரு சொல்லுக்கூட நான் கேக்கேல்லைத் தம்பி" என்றா அக்கா. அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபத்தை விழுங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். எண்ணெயைத் துடைக்க ஸ்பிரிட் இல்லை என்றதும், தலையிடிக்குப் பூச வைத்திருந்த ஓடிகொலோன் போத்தலை அக்கா பையிலிருந்து எடுத்துத் தந்தா. கொட்டில் முழுக்க மணத்தது. உருளையைத் துடைத்து, குண்டூசியால் முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கிளப்பினேன். அண்ணைக்கு இருப்புக் கொள்ளவில்லை. மண்ணெண்ணெயில் போட்டால் உடனே கழலும் என்றார். நெருப்பில் கொஞ்சம் காட்டச் சொன்னார். "நெருப்பிலையோ! உங்களுக்கென்ன விசரே?" என்று கத்தினேன்.  பிறகு வலைச் சிக்கு எப்படி எடுப்பதென்று தொடங்கினார். என்ன மனிசனப்பா இவர்!

எவ்வளவு பக்குவமாக எடுத்தும், நடுவில் ஒரு சாண் நாடா தப்பவில்லை. இழுபட்டு, கிழிந்து, மீன் செதிலைப்போல உதிர்ந்து போயிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு, இரு நுனிகளையும் மெல்லிய செலோரேப்பால் ஒட்டினேன்.

"வெட்டிப் போட்டீரோ?" என்று பதறினார் அவர்.

"நீங்கள் இழுத்த இழுவைக்கு இவ்வளவாவது மிஞ்சினது பெரிய காரியம். ஏறுங்கோ சைக்கிளிலை."

ஏறினார். சரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, புயலுக்கு முன்னம் கரை சேரப் போகிறவர்போல மிதித்தார். அந்தப் பெட்டியில் வேகத்தைச் சீர்படுத்தும் சாமான் எப்போதோ செத்துவிட்டது. மிதிக்கிற வேகம்தான் குரலின் வேகம். அணில் கத்துவதுபோல ஏதோ கீச்சிட்டது.

"இது ஆர்?" என்றா அக்கா, முகம் வாடி.

"மெதுவா, அண்ணை, மெதுவா!"

மெதுவாக்கினார். இப்போது ஒரு கிழவன் பாழ்கிணற்றுக்குள் இருந்து கதைத்தான். அக்கா தலையாட்டினா. "இல்லை. இன்னும் கொஞ்சம் கெதியா மிதியுங்கோ. அவ்வளவு வேண்டாம். கொஞ்சம் குறையுங்கோ. இந்தா! ஓம், ஓம், இதுதான் அவன்!" என்று கையைத் தூக்கிவிட்டா. அவர் அந்த வேகத்தை அப்படியே பிடித்துக்கொண்டார். நான் கசெற்றை முதலுக்குச் சுற்றி, திரும்பவும் பாடவிட்டேன்.

"அம்மா, அப்பா, நான் சுகமா இருக்கிறன். அப்பா, முதல் உங்களுக்கு ஒண்டு சொல்லுறன். இது முடியுமட்டும் குறுக்கை கதைக்காமல் கேளுங்கோ."

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. எனக்கும் அடக்க முடியவில்லை. அண்ணை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்க, துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் மிதித்துக்கொண்டிருந்தார். ஒரே சீராக, அக்கா காட்டிய அதே வேகத்தில். எத்தனையோ பேரை அந்தச் சைக்கிளில் ஏற்றியிருக்கிறேன். அப்படி மிதித்த ஆளை நான் பார்த்ததில்லை.

மகன் குளிரைப் பற்றிச் சொன்னான். சமைக்கப் பழகிவிட்டதாகவும், மீன் குழம்பு மட்டும் சரிவருவதில்லை என்றும் சொன்னான். அக்கா ஒவ்வொன்றுக்கும் "ஓமடா", "ஓமடா" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தா. பிறகு அவன் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"அம்மா, எனக்கு இஞ்சை விசா அலுவல் சரிவந்தால் நான்..." ஒரு சின்னச் சத்தம். "...அதாலை நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ."

"நில்லுங்கோ" என்றா அக்கா. அவர் நிறுத்தினார். குரல் இழுபட்டு அடங்கியது. "சரிவந்தால் நான் எண்டு, என்ன சொன்னவன்?"

அவர் திரும்ப மிதிக்க, பின்னுக்குச் சுற்றி மறுபடி போட்டேன். அதே இடம், அதே சத்தம். இன்னொரு தரம் போடச் சொன்னா, போட்டேன். அக்காவின் கண் மேசைக்குப் போனது. வெட்டி எடுத்த அந்த ஒரு சாண் நாடா எண்ணெயும் தும்புமாய் அங்கே கிடந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தா.  அதை எந்தக் கொம்பனாலும் இனிப் பாடவைக்க முடியாது.

"நத்தாருக்கு வாறன் எண்டு சொன்னவன்" என்றார் அண்ணை சைக்கிளில் இருந்தபடியே, மூச்சு வாங்க. "வாற நத்தாருக்கு, பாலன் பிறப்புப் பூசைக்கு. வேறை என்ன சொல்லுவான்? எனக்குத் தெரியும்."

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பினா.

"தம்பி, நீர் சொல்லும். இவர் சொல்லுறது சரியோ?"

காலையிலிருந்து அந்த மனிசன் சொன்ன ஒன்றையும் நான் சரியென்று விட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தேன். சைக்கிளில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"ஓம் அக்கா" என்றேன். "அண்ணை சொல்லுறது சரி."

அக்கா செபமாலையின் சிலுவையைத் தூக்கி முத்தமிட்டா. பிறகு அவரிடம், "அப்ப கார்த்திகை மழைக்கு முதல் எங்கடை கொட்டிலைக் கொஞ்சம் நீட்டி வேய வேணும். வந்தால் அவன் எங்கை படுக்கிறது?" என்றா.

அண்ணை குனிந்து மிதிக்கத் தொடங்கினார்.