அக்காவின் கல்லூரிக்குப் பூக்கட்டிப் பார்த்தது

பேத்திக்குப் பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் கல்லூரிகளின் பெயரைத் தவிர வேறெதுவும் காதில் விழுவதில்லை. என் மகன் தரவரிசைப் பட்டியல்களை ஒவ்வொன்றாக என் கைப்பேசிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான். இதுவரை ஒன்பது வந்துவிட்டன. ஒன்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே கல்லூரி ஒரு பட்டியலில் நான்காவதாகவும் இன்னொன்றில் முப்பத்தொன்றாவதாகவும் இருக்கிறது. இதைச் சொன்னால், "அப்பா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்கிறான். சும்மா இருக்க எனக்கு எப்போதுமே வந்ததில்லை. அந்தப் பிள்ளை எங்கே போய் எந்த விடுதியில் என்ன சாப்பிடுமோ என்ற கவலை வேறு.

கல்லூரிக்குப் பெயரே வேண்டாம் என்று சொல்கிறவன் அல்ல நான். பெயர் பெற்ற கல்லூரியில்தான் படித்தேன். முதல் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது, அந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்த பிறகு ஆறு கேள்விகள் கேட்டார்கள். அவற்றில் ஒன்றுக்குக்கூட அந்தப் பெயர் வந்து பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் இந்தப் பட்டியல்களைப் பார்க்கப் பார்க்க, என் அக்கா எந்தக் கல்லூரியில் படிப்பது என்று எங்கள் வீட்டில் முடிவான விதம்தான் நினைவுக்கு வருகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. தூத்துக்குடியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அப்பா தோணித் தண்டல். கொழும்புக்கு வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு பாய் விரித்துப் போகிற தோணிக்கு அவர்தான் தலைவர். வைகாசி பாதியில் காற்று முறுக்கிக்கொண்டால் தோணிகளைக் கரையில் ஒதுக்கிவிடுவார்கள். ஆவணி வரை அப்பா வீட்டில் இருப்பார். கப்பலில் இருக்கிற நினைப்பிலேயே கதவு, தொட்டில், கோழிக்கூடு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கயிறு போட்டு முடிச்சுப் போட்டு வைப்பார். அம்மா அவற்றை அவிழ்க்க முடியாமல் திட்டுவாள்.

அக்கா கல்லூரியில் சேர வேண்டிய ஆனி மாதமும் அப்படி அவர் வீட்டில் இருந்த மாதம்தான். எங்கள் தெருவில் அதுவரை ஒரு பெண்ணும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அக்காவுக்கோ இரண்டு கல்லூரிகள் இடம் கொடுத்திருந்தன. ஒன்று மெட்ராஸில் இருந்த மிகப் பெரிய கல்லூரி. அதில் இடம் வாங்கித் தந்தவர் என் தாய்மாமா. அம்மாவின் தம்பி. அவரும் மெட்ராஸில் ஒரு பெரிய கல்லூரியில் படித்தவர். படித்துவிட்டு வந்து எங்கள் ஊரிலேயே ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் மூட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க காலேஜ்ல படிக்கிறப்ப" என்று தொடங்காமல் அவர் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதினான்கு முறை சொன்னார். எண்ணிவிட்டு அம்மாவிடம் சொன்னேன். தலையில் ஒரு குட்டு கிடைத்தது.

இன்னொன்று எங்கள் ஊரிலேயே இருந்த பெண்கள் கல்லூரி. அப்போது அதற்குக் கட்டடமும் சரியாக இல்லை, பெயரும் இல்லை. உட்கார வாங்குப் பலகைகள் போதாமல் சில வகுப்புகளில் பெண்கள் பாய் விரித்து உட்காருகிறார்கள் என்று மாமா சொல்லிச் சிரிப்பார்.

அப்பா மெட்ராஸ் கட்சி. சும்மா கட்சி இல்லை, முழங்குகிற கட்சி. இடம் கிடைத்த அன்றே துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டார். கடைத்தெருவில் நான் அவரோடு நடந்தால் ஆளுக்கு ஆள் நிறுத்திக் கேட்பார்கள். "என்ன தண்டலே, மக மெட்ராஸ் போறாளாமே? இனும நம்மகூடல்லாம் பேசுவியளா?" அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "பேசலாம், இங்கிலீஷ்ல பேசலாம்" என்பார். மக்ரூன் கடைக்காரர் அதற்காகவே எனக்கு ஒரு மக்ரூன் கூடுதலாகத் தருவார். அந்த வாரத்தில் எனக்கு ஐந்து கிடைத்தன. ஆகவே நானும் மெட்ராஸ் கட்சிதான்.

அம்மா மட்டும் ஊர்க் கல்லூரி போதும் என்றாள். அவளுக்கு ஒரே காரணம். மெட்ராஸ் தூரம்.

அக்கா என்ன கட்சி என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவள் குசினியில் கணவாய் மீன் நறுக்கிக்கொண்டிருப்பாள். நறுக்கச் சொன்னால் நறுக்க மாட்டாள், பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஏலே, கணவாய்க்கு எத்தன இருதயம் சொல்லு பாப்போம்" என்றாள். ஒன்று என்றேன். "மூணுலே" என்றாள். எனக்குத் தலை சுற்றியது. எல்லாவற்றையும் எண்ணுகிற என் கண்ணுக்குத் தப்பி, நாங்கள் வாரம் இரண்டு முறை தின்கிற பிராணி மூன்று இருதயம் வைத்திருந்திருக்கிறது. ஊர்க் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிற கன்னியாஸ்திரி ஒருவர் அவள் பள்ளிக்கு வந்து காட்டினாராம். பெண்களைக் கூட்டிக்கொண்டு கடற்கரையில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நண்டும் சிப்பியும் பொறுக்குவாராம். அதைச் சொல்லும்போது அக்காவின் முகம் திருவிழா அன்றுபோல் இருந்தது.

ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"மெட்ராஸ்ல எனக்குச் சரித்திரம்தான் குடுத்திருக்காவ. இங்கனன்னா வெலங்கியல் உண்டு."

"எதக் குடுத்தா என்னளா?" என்றார் மாமா. "நாளைக்கு ஒன்னயப் பொண்ணு பாக்க வாரவன் காலேஜ் பேரக் கேப்பானா, கணவாய்க்குக் காலு எத்தனன்னு கேப்பானா?"

எல்லோரும் சிரித்தோம். அப்பா அம்மாவிடம், "கொளம்பு ஊத்து" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு அக்கா இரண்டு நாள் கணவாயை ஒழுங்காக நறுக்கினாள்.

பணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கியது. அம்மா அழுதாள், மாமா கத்தினார். கடைசியில் அம்மாதான் சொன்னாள். "நம்ம யாரும் சொல்ல வேண்டாம். மாதா சொல்லட்டும். பூக்கட்டிப் பாப்போம்."

இரண்டு நிறப் பூவை இலையில் பொதிந்து கட்டி மாதா படத்தின் முன் வைத்து, சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். மாதா கோயிலில் செய்தால் பங்குச் சாமியார் சத்தம் போடுவார் என்று வீட்டுக்குள் செய்வார்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. மாதா ஒதுக்கியதை மனுஷன் எட்டிப் பார்க்கக் கூடாது. அப்படியே கடலில் போட்டுவிட வேண்டும்.

மாமாவுக்கு இதில் சம்மதமில்லை. "அத்தான், படிச்சவன் கேட்டா சிரிப்பான்" என்றார். முழங்குகிற கட்சியான அப்பா அதற்குமேல் முழங்குவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ, "மாதாவுக்கு மேலயா மாப்பிள்ள நம்ம?" என்றார். "மாதா மெட்ராஸ்னுதான் சொல்லுவா. நீரு பாரும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஏற்பாடு. சிவப்பு என்றால் மெட்ராஸ், வெள்ளை என்றால் உள்ளூர். எங்கள் கொல்லையில் செம்பருத்தி இரண்டு செடி நின்றன. ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. அன்று காலையில் பல் தேய்க்கும்போதே எண்ணியிருந்தேன். சிவப்பு ஏழு, வெள்ளை ஐந்து. தினமும் எண்ணுவதுதான்.

குடும்பத் தலைவர்தான் பொதிய வேண்டும் என்பதால் அப்பா மட்டும் கொல்லைக்குப் போனார். திரும்பி வரும்போது உள்ளங்கைக்கு ஒன்றாக இரண்டு பொட்டலங்கள். பூவரச இலையில் மடித்து, வலை பின்னுகிற நூலால் கட்டியிருந்தார். இரண்டும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி இருந்தன. மாதா படத்தின் முன் வைத்தார். அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள். என் முகத்தைக் கழுவி, தலைசீவி முன்னால் நிறுத்தினார்கள். அக்கா கதவு ஓரத்தில் நின்று தாவணி முனையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடியிருந்தாளா என்று பார்த்தேன். மூடவில்லை. படத்தையும் பார்க்கவில்லை. கொல்லைப் பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மக்ரூன்களை நினைத்துக்கொண்டு வலப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தேன். அப்பா வாங்கி, கட்டைவிரலால் முடிச்சை ஒருமுறை நெருடிவிட்டு, நூலின் ஒரு முனையை லேசாக இழுத்தார். முடிச்சு தானாகவே கழன்று விழுந்தது. இலை விரிந்தது. உள்ளே வெள்ளை.

அம்மா, "என் தாயே" என்று தரையில் மண்டியிட்டாள். அக்காவின் கையிலிருந்து தாவணி முனை நழுவியது. அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "போச்சே மாப்பிள்ள! ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கனே! எம் மூஞ்சிய எங்கன கொண்டு வைப்பேன்?" அவ்வளவு சத்தமாக அவர் புலம்பி நான் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

மாமாவுக்கு ஆறவில்லை. "அந்த இன்னொன்னையும் பிரிச்சுப் பாப்பமே" என்று சட்டென்று எடுத்துவிட்டார். நூலின் முனையைப் பிடித்து இழுத்தார். முடிச்சு இறுகியது. மறுமுனையை இழுத்தார். இன்னும் இறுகியது. நகத்தால் கீறினார், பல்லால் கடித்தார். அப்பா அந்தத் திண்டாட்டத்தை வேடிக்கை பார்ப்பவர்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன மாப்பிள்ள, முடிச்சு அவுக்க காலேஜ்ல சொல்லித் தரலையோ?"

"கத்தி எங்கன இருக்கு?" என்றார் மாமா.

"ஏலே தம்பி, கீழ வைலே!" என்று அம்மா பாய்ந்தாள். "மாதா வேண்டாம்னத பிரிச்சு, குடும்பத்துக்குப் பாவத்தக் கொண்டு வராத." பொட்டலத்தைப் பிடுங்கி அப்பாவின் கையில் கொடுத்தாள். "இப்பவே கடல்ல போட்டுட்டு வாங்க."

மாமா அன்று சாப்பிடாமல் போய்விட்டார். வெளியேறும்போது அக்காவைப் பார்த்து, "பாயி ஒண்ணு வாங்கித் தாரேன், விரிச்சு உக்காந்து படி" என்றார். அக்கா, "சரி மாமா" என்றாள். அத்தனை சந்தோஷமாக யாரும் ஒரு கேலியை வாங்கிக்கொண்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பாயை மாமா உண்மையாகவே வாங்கித் தந்தார். அக்கா மூன்று வருடம் அதே கல்லூரியில் படித்து, பிறகு அங்கேயே விலங்கியல் சொல்லிக்கொடுத்து, எத்தனையோ பெண்களை முழங்கால் தண்ணீரில் இறக்கினாள். இன்றும் கணவாய் வாங்கினால் முதலில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் குழம்பு வைக்கிறாள். அதெல்லாம் பின்னால்.

அன்று கடற்கரைக்குப் போகும் முன் நான் கொல்லைக்குப் போய் வந்தேன். பழக்கம்தான். சிவப்பு ஏழு. வெள்ளை மூன்று. மறுபடி எண்ணினேன். கீழே உதிர்ந்திருக்கிறதா என்று குனிந்தும் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அப்பாவும் நானும் நடந்தோம். ஆனிக் காற்று மணலை வாரிக் கண்ணில் போட்டது. ஒதுக்கிய தோணிகள் பாயில்லாத பாய்மரங்களோடு வரிசையாகக் கிடந்தன. பதினொன்று. அப்பா அலை வருகிற இடத்தில் நின்று பொட்டலத்தைத் தூர எறிந்தார். அது மூழ்காமல் சற்று நேரம் மிதந்து, பிறகு கண்ணில் படவில்லை.

"அப்பா" என்றேன். "செவப்பு ஏழும் செடியிலேயே இருக்கு. நீங்க பறிக்கவே இல்ல. வெள்ளதான் ரெண்டு கொறையுது."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எண்ணுனியோ?" என்றார்.

"எண்ணுனேன்."

"அம்மாட்ட சொன்னியா?"

"இல்ல."

"மாமாட்ட?"

"இல்ல."

"ம்" என்றார். பிறகு சம்பந்தமே இல்லாமல் கேட்டார். "ஏலே, கணவாய்க்கு எத்தன இருதயம்னு சொன்னா ஒங்க அக்கா?"

"மூணு."

"மூணு" என்று அவரும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஏனோ சிரித்தார். வழியில் எனக்கு இரண்டு மக்ரூன் வாங்கித் தந்தார். கடைக்காரர், "என்ன தண்டலே, மெட்ராஸுக்கு என்னைக்குப் பயணம்?" என்று கேட்டபோது, "மாதா வேண்டாம்னுட்டா அண்ணாச்சி, நம்ம என்ன செய்ய?" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

மக்ரூன் எனக்கு இறங்கவில்லை. அப்பாவை நினைத்து அவ்வளவு கவலை. துறைமுகத்தின் வாயில் சிவப்பு விளக்கு ஒன்று, வெள்ளை விளக்கு ஒன்று. எதை எந்தப் பக்கம் விட்டு வர வேண்டும் என்பதெல்லாம் தண்டலின் கண்ணில்தான் இருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். பட்டப் பகலில், சொந்தக் கொல்லையில், கைக்கெட்டும் செடியில் சிவப்பு எது வெள்ளை எது என்று தெரியாத மனுஷர், ஆவணியில் எப்படித் தோணி ஓட்டப் போகிறார்? யாரிடமும் சொல்லவும் முடியாது. சொன்னால் அவர் வேலை போய்விடும்.

அன்றிலிருந்து தினமும் அவரைக் கொல்லைக்கு இழுத்துப் போய்ச் செடிகளைக் காட்டி, "அப்பா, இது செவப்பு, இது வெள்ள" என்று சொல்லிக்கொடுத்தேன். அவரும் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.