எல்சி ரிட்டர்ன்

மீட்டரில் முள் அசைந்தால்தான் எனக்கு எதுவும் நிஜம். ஹாஸ்டலில் யாராவது பேய், ஆவி என்று ஆரம்பித்தால், எத்தனை வோல்ட் என்று கேட்டு வாயை அடைப்பவள் நான். அதனால் இதை உங்களிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நம்பாவிட்டால் போங்கள், கேட்டுவிட்டாவது போங்கள்.

எங்களுக்கு ஊர் நகரி. நான் திருப்பதியில் எம்.டெக். பவர் சிஸ்டம்ஸ் படித்துக்கொண்டிருந்தேன், அண்ணன் பாகாலா பக்கம் லைன்மேன். என் படிப்பைக் கேலி செய்வதில் அவனுக்கு அலாதி சந்தோஷம். "நீ பேப்பர்ல கரண்ட் வுடு, நான் ஊருக்கு வுடறேன்" என்பான். ஆனால் பார்க்கிறவர்களிடமெல்லாம் தங்கச்சி எம்.டெக். என்று சொல்லிவிடுவான், டீக்கடைக்காரர் வரை தெரியும்.

என் புராஜெக்ட் மாடி சோலார் பற்றியது. லைனை நிறுத்தினால் வீட்டு சோலாரும் தானாக நின்றுவிட வேண்டும். சில நேரம் நிற்காது, நிறுத்திய கம்பியில் பின்பக்கமாகக் கரண்ட் ஏறும். மே மாதம் ஒரு திங்கட்கிழமை என் கம்ப்யூட்டரில் அது அப்படியே வந்தது. கைடு தட்டிக்கொடுத்தார், நானும் பூரித்துப்போய்த் தோழிகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன். அண்ணனுக்கு ஒரு போன் போட்டு, லைன் நின்றாலும் நம்பாதே என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

அதே வாரம் வியாழக்கிழமை மதியம் அவன் கம்பத்தில் ஏறினான். சப்-ஸ்டேஷனில் முறைப்படி எல்சி வாங்கித்தான் ஏறினான். எல்சி என்றால், நான் மேலே இருக்கிறேன், கரண்ட் விடாதே என்று சொல்லிவைப்பது. வாங்கியவனே இறங்கி வந்து போனில் திருப்பித் தரவேண்டும். அவன் தரவில்லை. யாரோ ஒருவர் வீட்டு மாடியில் சோலார் நிற்கவில்லை.

"உன் படிப்புல இதெல்லாம் வராதாம்மா?" என்று நைனா ஒரே ஒரு தரம் கேட்டார். வரும். அந்தத் திங்கட்கிழமையே வந்திருந்தது.

ஐப்பசியில் லோடு விவரம் எடுக்க அதே சப்-ஸ்டேஷனுக்குப் போனேன். பகல் ஒரு மணி இருக்கும், காலையிலிருந்து விடாத மழை. ஆபரேட்டர் புத்தூர்க்காரர், நம் தமிழ்தான், பின் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேஜைமேல் போன் அடித்தது, எடும்மா என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார், எடுத்தேன்.

"எல்சி ரிட்டர்ன் சார். லைன் மீத எவரூ லேரு."

கம்பிமேல் யாரும் இல்லை என்று தெலுங்கில் எல்லா லைன்மேனும் சொல்வதுதான். ஆனால் குரல் அண்ணனுடையது. கூடப்பிறந்தவன் குரல் எனக்குத் தெரியாதா? பேர் என்ன, எந்த லைன் என்று கேட்பது வழக்கம், எனக்கு அதெல்லாம் வரவில்லை. அண்ணா என்றேன்.

"நான் எறங்கிட்டேன் பாப்பா. வெயிலு கொளுத்துது, சரின்னு சொல்லு."

சத்தியமாக இதுதான், ஒரு எழுத்து கூட்டவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. சரி என்றால் கரண்ட் விட்டுவிடுவார்கள் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு, அவன் அங்கே இருக்கும்போது எப்படிச் சொல்வேன்? உன்னிடம் சொல்லாமல் விட்டேனே அண்ணா, மன்னித்துவிடு என்று அழுதேன். சரின்னு சொல்லு என்று இன்னொரு தரம் கேட்டான். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆபரேட்டர் ஈரக் கையோடு வந்தார். அது பழைய போன், நம்பர் காட்டாது. அன்றைக்கு யாருமே எல்சி வாங்கவில்லை என்று ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். நடந்ததைச் சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"சரின்னு சொன்னியாம்மா?"

இல்லை என்றேன். அவர் ரிஜிஸ்டரை மூடினார்.

"நாங்க சரின்னு சொல்ற வரைக்கும் லைன்மேனுங்க கம்பத்தாண்டயேதாம்மா நின்னுகினு இருக்கணும்."

படிப்பு முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போதும் சித்தூர் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் ஒவ்வொரு கம்பத்தடியையும் பார்த்து, சரி அண்ணா, சரி அண்ணா என்று வாய்விட்டே சொல்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஒருமாதிரி பார்க்கிறார்கள். ஆனால் அதைப் போனில் சொன்னால்தான் செல்லும்.