அமாவாசைக்கு மட்டும் ஒத்துப்போன காற்று

மகிழ், செல்வா... போன வாரம் போன்ல பேசிகினு இருந்த அப்பா ஏன் திடீர்னு திருதிருன்னு முழிச்சாருன்னு கேட்டீங்களே? சொல்றேன். உங்களுக்கும், வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற மத்த பிள்ளைங்களுக்கும்.

நம்ம மாடியில ஒரு வெள்ளை டப்பா இருக்கு இல்லையா? சென்னையில ஆராய்ச்சி பண்ற சுபா மேடம் மாட்டிட்டுப் போனது. காற்றை உள்ளே இழுத்து, அதுல தூசி, புகை எவ்வளவுன்னு அளந்து அவங்களுக்கே அனுப்பிடும்.

எதுக்கு? அவங்க கம்ப்யூட்டருக்குள்ள ஒரு உலகமே இருக்காம். அதைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, எந்தக் கட்டத்துல எவ்வளவு தூசி, புகை, கடல் உப்பு மிதக்குதுன்னு கணக்குப் போடுமாம். வெயிலையும் மழையையும் அந்தத் தூசிதான் மாத்துதாம். அந்தக் கணக்கு சரியான்னு நிஜக் காற்றோட ஒப்பிடணும்.

அதுல நம்ம ஆரணி, வந்தவாசி, படவேடு – மூணும் ஒரே கட்டம்! படவேட்டு மலையடிவாரத்துக்கும் நம்ம சாயப்பட்டறைத் தெருவுக்கும் எப்படி ஒரே நம்பர்? மேடம் விளக்கினாங்க. தலையாட்டினேன். புரியலை.

போன வாரம் அந்தப் போன்.

"அண்ணே, ஒரு குழப்பம். கம்ப்யூட்டர் சொல்றதைவிட உங்க மாடியில பகல்ல தூசி ரொம்பக் கம்மி. மூணு மாசமா இப்படித்தான்."

"நல்லதுதானே மேடம்?"

"ஆனா மூணே மூணு நாள் ரெண்டும் ஒத்துப்போகுது. பார்த்தா, மூணும் அமாவாசை! அன்னைக்குத் தெருவுல ஏதாவது எரிப்பீங்களா?"

"அன்னைக்குத்தாங்க ஒண்ணுமே எரியாது. அமாவாசைன்னா தறி ஓடாது. சாயப்பட்டறையிலயும் அடுப்பு மூட்ட மாட்டாங்க."

"புகை இல்லாத நாள்ல அதிகம், இருக்கிற நாள்ல கம்மியா?" குரலே இறங்கிடுச்சு. "அப்ப என் கணக்குதான் தப்பு போல. மாத்திட வேண்டியதுதான். திங்கட்கிழமை அறிக்கை கொடுக்கணும்."

அங்கதான் முழிச்சேன்.

பட்டு நெய்யற வீட்டுப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். தறியில ஆள் இல்லைன்னா பாவு நூல் மேல துணி போத்திடுவோம். ஒரு பொட்டு கரி பட்டாலும் புடவை போச்சு. அதே பழக்கத்துல... பட்டறைப் புகை கிளம்பினதும் மாடியேறி அந்த டப்பாவுக்கும் துணி போத்திட்டு வருவேன். சாயங்காலம் எடுப்பேன். அமாவாசைக்குப் புகை கிடையாது – போத்தவும் இல்லை.

தூசியை அளக்க வந்த மெஷினைத் தூசி படாமக் காப்பாத்தியிருக்கேன்!

சொல்லாம விட்டா, என் துண்டுத் துணி உலகக் கணக்கையே மாத்திடும். சொன்னா, அந்தப் பொண்ணோட மூணு மாச உழைப்பு வீண். சொல்லிட்டேன்.

பக்கத்துல இருந்த உங்க அம்மா: "வூட்ல நாங்க இருமிகினு கெடக்கறோம்... இவரு டப்பாவுக்குப் போர்வை போத்தினாராம்!"

மேடம் காதுலயும் விழுந்திருக்கணும். சிரிச்சுட்டாங்க. "நல்ல வேளை சொன்னீங்கண்ணே. கணக்குல கை வைக்கலை. இன்னும் கொஞ்சம் டைம் கேட்கிறேன். முதல்ல இருந்து அளப்போம்."

எனக்குத்தான் குழப்பம் தீரலை, கேட்டேன். அடுப்பு எரியாத நாள்லயே அவ்வளவுன்னா, அந்தத் தூசி எங்கிருந்து வந்தது? வந்தவாசியில இருந்தா, இல்ல கடல் தாண்டியா? அப்ப மத்த நாள்ல நாம எதை இழுத்துகினு இருக்கோம்?

"அதைத் தெரிஞ்சுக்கத்தானேண்ணே அந்த டப்பா!"

போனை வெச்சுட்டுத் தனியா மாடிக்குப் போனேன். துணியை எடுத்தேன். ஒரு கரித்துண்டால பக்கத்துச் சுவர்ல பெரிசா எழுதினேன்: 'யாரும் மூடாதீங்க.'

எழுதினப்புறம்தான் தோணுச்சு... என்னைத் தவிர வேற யார் மூடினாங்க?