சித்தி வாங்கி வந்த கிட்டார் இசைத்தட்டு

கிள்ளானில் எனக்கு இன்று மூன்று சாப்பாட்டுக் கடைகள். ஆறாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவள் நான். என்னிடம் சம்பளம் வாங்கும் மேனேஜர் பட்டதாரி. சாமர்த்தியம் படித்து வருவதில்லை. ஒன்பது வயதிலேயே ஒரு கல்யாணத்தை முடித்து வைத்தவள் நான்.

அப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தாத்தா வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்தோம். அம்மாவின் தங்கையான சித்தி, போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது பழைய சாமான் கடையிலிருந்து ஓர் இசைத்தட்டு வாங்கி வந்தார். ஜாஸ் கிட்டார். பாட்டு கிடையாது, வெறும் வாசிப்பு. உறையில் யாரோ கோப்பை வைத்த வட்டக் கறை. கறுப்பு வெள்ளைப் படத்தில், தொப்பியை நெற்றிவரை இறக்கிய ஒருவர் கிட்டார்மேல் குனிந்திருந்தார். கீழே ஏதோ இங்கிலீஷ் பெயர்.

பேண்டு வாசிக்கிறவன் நம் வீட்டுப் படியேறக் கூடாது என்பது தாத்தாவின் சட்டம். எல்லாரும் குடிகாரப் பயல்கள் என்பார். ஆனால் இந்தத் தட்டு மட்டும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஞாயிறுதோறும் சித்தி அதைப் போடச் சொல்வார். தட்டைக் கீறாமல் ஊசியை வைக்க என்னை விட்டால் அந்த வீட்டில் ஆள் ஏது? தாத்தா முகம் மழித்துக்கொண்டே தலையாட்டுவார்.

“வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்லா. நம்ம பசங்களும் வாசிக்கிறானுங்களே, தகரத்தை உருட்டுற மாதிரி!”

சில மாதம் கழித்துச் சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் போர்ட் கிள்ளானில் கிளார்க். தரகர் கொண்டுவந்த இடம். அன்று காலை சித்தி என்னைத் தனியே இழுத்து, “இன்னிக்கு அந்த ரெக்கார்டைத் தொடக் கூடாது. படத்தை யாருக்கும் காட்டக் கூடாது, தெரியுதா?” என்றார். அதுவரை எனக்கு அந்த நினைப்பே இல்லை.

மாப்பிள்ளை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவரும் சித்தியும் ஒருவரையொருவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

“பையனுக்கு ஏதும் பழக்கம் உண்டா?” என்றார் தாத்தா.

“ஆபீஸ் விட்டா வீடு, வீடு விட்டா கோயில்” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

எல்லாரும் பலகாரத்தில் மும்முரமானபோது நான் தட்டைப் போட்டுவிட்டேன். கிட்டார் கிளம்பியதும் மாப்பிள்ளையின் இடக்கை விரல்கள் முழங்காலில் ஓடத் தொடங்கின. இசைக்கு ஒரு நொடி முன்னாலேயே ஓடின. எனக்குச் சந்தேகம் தட்டியது. உறையைக் கொண்டுபோய் அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். அதே மூக்கு, அதே தாடை.

“தாத்தா! அந்த வெள்ளைக்காரன் இவருதான்!”

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த லட்டு உருண்டு ஓடியது. தரகர் செருப்பைத் தேடினார்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். “நான்தான் அங்கிள். அந்த இங்கிலீஷ் பேரு ரெக்கார்டுக்கு வச்சது. ஹோட்டல்ல வாசிச்சிக்கிட்டு இருந்தேன். ரெக்கார்டு விக்கல, வேலைக்குப் போயிட்டேன். ஆனா வீட்டுல இன்னும் வாசிக்கிறேன். அதை விட முடியாது.”

தாத்தா அவரையும் உறையையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார். இத்தனை ஞாயிறும் ஆடிய தலை அவரைத் திட்டவிடவில்லை.

“குடிப்பியா?”

“கோப்பி மட்டும், அங்கிள்.”

“ரெண்டாவது பக்கத்துல ஒரு எடத்துல தடுக்குதே. கீறலா, உன் கையா?”

“ஐயோ, கீறல்தான் அங்கிள்!”

“அப்ப அடுத்த வாரம் கிட்டாரைக் கொண்டாந்து வாசிச்சுக் காட்டு. கேட்டுட்டுத் தேதி வைப்போம்” என்று தாத்தா உட்கார்ந்தார்.

சொல்பேச்சுக் கேட்காததற்கு அடி நிச்சயம் என்று நான் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் சித்தி கதவைத் தட்டினார். கையில் பிரம்பு இல்லை, ஒரு கிண்ணம் கேசரி. வீட்டிலிருந்த முந்திரியெல்லாம் அதில்தான் கிடந்தது. ஏன் அடிக்கவில்லை என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. மனது மாறுவதற்குள் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.