பதினெட்டு நிமிஷ ரொட்டி

அன்று காலை எழுந்ததும் முதலில் இட்லி மாவைத்தான் பார்த்தேன். பொங்கி வழிந்திருந்தது. துடைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் பாய் மாடிப்படி ஏறி வந்து வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், கீழ்வீட்டு அம்மா தவறிட்டாங்களாம். அவங்க தங்கச்சி போன் பண்ணாங்க."

கண் ஆபரேஷனுக்காக இஸ்ரேலில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார் மிரியம் அம்மா. பங்குனிக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லித்தான் போனார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

செங்கம் சாலையில் உங்களில் பலருக்கு அவரை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போகும் வெள்ளைக்காரம்மாவாகத் தெரியும். அவர் ஏறி ஓட்டி நானும் பார்த்ததில்லை. எனக்கு அவர் ஒரு பண்டிகைக்காகத் தனி ஆளாய் வீட்டையே கவிழ்த்துப்போட்டவர். அடிமைத்தனத்திலிருந்து தம் முன்னோர் தப்பி வந்ததை யூதர்கள் நினைக்கும் பஸ்கா விருந்து அது. ஒரு வாரம் முன்பே பிரெட், பிஸ்கட், ரவை எல்லாம் என் மாடிக்கு வந்துவிடும். புளித்ததோ, புளிக்கக் கூடியதோ எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. டார்ச் அடித்து அலமாரி இடுக்கில் பிஸ்கட் தூள் தேடுவார்.

முதல் வருஷம் ரொட்டிக்கு மாவு பிசைய என்னைக் கூப்பிட்டார். நம் வழக்கப்படி பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்தேன். பதறிவிட்டார்.

"எதுக்கு மூடறே?"

"ஊறினாதாங்க சாஃப்டா வரும்."

"ஓடறவங்களுக்கு ஊற நேரம் ஏது?"

தண்ணீர் பட்ட பதினெட்டு நிமிஷத்துக்குள் மாவு வெந்துவிட வேண்டுமாம். அந்த மாவு பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போனது. மறுபடி பிசைந்தோம். கடிகாரம் பார்த்தபடி நான் தேய்க்க, அவர் கல்லில் போட்டு எடுத்தார். வறட்டி போல இருந்தது. சாப்பிட்டோம்.

விருந்தில், இந்த இரவு ஏன் மற்ற இரவுகள் போல் இல்லை என்று வயதில் சிறியவர் கேட்க வேண்டும். நாற்பது வயதில் நான்தான் அங்கே சின்னக் குழந்தை. தமிழில் கேட்டேன். பிறகு விளையாட்டாக, "நான் இல்லன்னா யாரு கேப்பாங்க?" என்றேன்.

"தனியா இருந்தா நானே கேக்கணும், நானே பதில் சொல்லணும். கேக்காம மட்டும் இருக்கக் கூடாது."

வருவார் என்று அவர்கள் காத்திருக்கும் தீர்க்கதரிசி ஒருவருக்காக ஒரு டம்ளர் திராட்சை ரசம் ஊற்றி வைத்து, வாசல் கதவைத் திறப்பது வழக்கம். பஸ்கா எப்போதும் பௌர்ணமியில்தான் வரும். வெளியே கிரிவலக் கூட்டம். ஒரு வருஷம் நான் கதவைத் திறந்தபோது, செருப்பில்லாத பெரியவர் ஒருவர் நின்றிருந்தார்.

"தண்ணி கிடைக்குமாம்மா?"

மிரியம் அம்மா ஒரு கணம் யோசித்தார். பிறகு அந்த டம்ளரையே எடுத்துக் கொடுத்தார்.

"ஜூஸு நல்லாக்கீது. இன்னும் எத்தினி கிலோமீட்டர் போவணும்?"

அவர் போனதும் மிரியம் அம்மா சொன்னார்: "அறுபது வருஷமா கதவு திறக்கறோம். கிலோமீட்டர் கேட்டது இவர்தான்." சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்ததில் அவருக்கு அத்தனை சந்தோஷம். எனக்கும்தான். என் அம்மா இறந்த பிறகு மாடிக் கதவைப் பால்காரர் தவிர யாரும் தட்டியதில்லை.

அதனால்தான் சென்னையில் அண்ணன் வீட்டோடு வந்துவிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். மாற்றல் விண்ணப்பம் எழுதி மேஜை இழுப்பறையில் இருக்கிறது. "கீழ்வீட்டை வாடகைக்கு விட்டுடட்டா டீச்சர்?" என்று பாய் நேற்றும் கேட்டார். பங்குனி போகட்டும் என்றேன்.

மிரியம் அம்மாவின் டார்ச்சும் கீழ்வீட்டுச் சாவியும் என்னிடம் இருக்கின்றன. அந்தக் கேள்வியும். விண்ணப்பத்தை அனுப்பப் போவதில்லை. அண்ணனுக்கும் பாய்க்கும் இன்னும் தெரியாது. வரும் பங்குனிப் பௌர்ணமியன்று கீழ்வீட்டைத் திறந்து, ஒரு டம்ளர் ஊற்றி வைத்துவிட்டு, நானே கேட்டுக்கொள்வேன்.